கார்க் கட்டிய சாவி

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித் தரையில் நிறுத்திவிட்டால் அது படகு இல்லை, மாடி வீடு. ஏணி வைத்து ஏற வேண்டும், ஏணி வைத்து இறங்க வேண்டும். பாத்திரம் கழுவின தண்ணீரைக்கூட வாளியில் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் என் முட்டிக்கு இது தேவையா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பட்டறைக்கு வந்த முதல் மூன்று நாளும் நான் நிம்மதியாக இருந்தேன். தரையில் நிற்கிற படகு ஆடாது. ஆடாவிட்டால் அந்தச் சத்தம் வராது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. டொக். எஞ்சின் அறையின் அடியிலிருந்து, யாரோ விரல் முட்டியால் கதவை ஒரு முறை தட்டியதுபோல. எட்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் பாய்மரப் படகில் நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வருடமாகத் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். அவர் முப்பது வருடம் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். ஓய்வு பெற்றால் மனிதர்கள் வீடு கட்டுவார்கள். இவர் படகு வாங்கினார். பள்ளிக்கூடப் பைகள் தைத்து விற்றுக்கொண்டிருந்த நான் தையல் மெஷினோடு ஏறிக்கொண்டேன். பாய் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டுமே. மூன்றாவது ஆள் அவருடைய தம்பி. அவனை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. நீச்சல் மட்டும் கைவந்த கலை. படகின் அடியில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அவனுடையது.

சின்னவனைக் கடலில் விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்துதான் அந்த டொக்.

என் வீட்டுக்காரருக்கு எதற்கும் சட்டம் வேண்டும். கத்தியை எடுத்தவர்தான் கத்தியை வைக்க வேண்டும். டார்ச் விளக்கு ஆணியில் தொங்கும்போது முகம் சுவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். ஒட்டும்போதெல்லாம் சின்னவன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

“சட்டசபை கூடிடுச்சு அண்ணி. கை தூக்குங்க.”

நான் கை தூக்குவேன். அவர் எங்கள் இருவரையும் முறைப்பார்.

அந்தச் சட்டங்களில் இரண்டு, தண்ணீருக்கு அடியில் போகிறவனுக்கானவை. ஒன்று, தட்டு. கீழே இருக்கிறவன் அவ்வப்போது படகின் அடியில் ஒரு தட்டு தட்ட வேண்டும். நான் நலம் என்று அர்த்தம். உள்ளே ஒருவர் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பதிலுக்கு ஒன்று தட்ட வேண்டும். கேட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்று தட்டினால், என்னை மேலே இழு. இன்னொரு சட்டம், சாவி. ஆள் கீழே இருக்கும்போது யாராவது மறதியாக எஞ்சினைப் போட்டுவிட்டால் ப்ரொப்பெல்லர் அவனைக் கீரை நறுக்குவதுபோல் நறுக்கிவிடும். அதனால் இறங்குகிறவன் எஞ்சின் சாவியைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நல்ல சட்டம்தான். நானே மனதாரக் கை தூக்கியது.

எங்களிடம் இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை ஒரு துறைமுகத்தின் சேற்றில் சின்னவன் தொலைத்தான். கழுத்துக் கயிறு அவிழ்ந்து விழுந்துவிட்டது. அதற்கு அவன் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல, ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டு முன்னால்கூடத் திட்டு. மீதமிருந்த ஒரே சாவிக்கு அவர் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கார்க் உருண்டை கட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். இனி விழுந்தாலும் மிதக்கும்.

அன்றைக்கு நாங்கள் இருந்தது கரை தெரியாத இடம். எங்கிருந்தோ மிதந்து வந்த வலைக்கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. காற்றே இல்லை. பெரிய பாய் கிழிந்திருந்ததால் முந்தின நாளே அதைக் கழற்றி உள்ளே தைக்கப் போட்டிருந்தேன். சின்னவன் இடுப்பில் கயிறு கட்டிக் கத்தியோடு தயாரானான். கயிற்றின் மறுமுனையை அவர் மேலே பிடித்துக்கொண்டார். நான் உள்ளே எஞ்சின் கதவைத் திறந்துவைத்து, பதில் தட்ட ஸ்பானரோடு உட்கார்ந்தேன். இறங்குவதற்கு முன் சின்னவன் என்னிடம் வந்து கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினான்.

“அண்ணி, இதை நீங்க வச்சுக்கங்க. இந்தக் கார்க் மூஞ்சில முட்டிக்கிட்டே இருக்கும், கயிறு அவுந்துடும். இதையும் தொலைச்சேன்னா அண்ணன் என்னைக் கடல்லயே விட்டுட்டுப் போயிடுவாரு.”

“சட்டம் என்ன ஆச்சு?”

“சட்டசபைக்கு இன்னிக்கு லீவு. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

சிரித்துக்கொண்டே வாங்கினேன். எஞ்சின் ஓரத்து மரவிளிம்பில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு சாவியை ஒரு விளிம்பில் வைத்தேன்.

முக்கால் மணி நேரம் அவன் மூச்சு வாங்க மேலே வருவதும் முங்குவதுமாக இருந்தான், ஒற்றைத் தட்டாக வந்துகொண்டிருந்தது. நானும் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று. வலைக்கயிற்றை அறுத்து முடித்துவிட்டான் என்று நினைத்தேன். “மூணு” என்று மேலே பார்த்துக் கத்தினேன். அவர் இழுத்தார். வெறும் கயிறு வந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று கீழே அவிழ்த்துவிட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு மழைக்காற்று வந்து படகில் மோதியது. படகு சாய்ந்தபடியே நகர ஆரம்பித்தது. சின்னவன் பின்பக்கம் தலை தூக்கினான், கையைத் தூக்கினான் என்று அவர் பிறகு சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. விளிம்பிலிருந்து சாவி உருண்டு எஞ்சினுக்கு அடியில் போனதைத்தான் பார்த்தேன்.

அவர் மிதவை வளையத்தை எறிந்தார். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. பெரிய பாய் உள்ளே கிடக்கிறது. எஞ்சின் ஒன்றுதான் வழி. சாவி தம்பி கழுத்தில் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அவரே எழுதிய சட்டம் ஆயிற்றே. சாவி இல்லாமலே ஸ்டார்ட்டரில் நேராக ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கிளப்ப அவருக்குத் தெரியும். ஓடி வந்தார். எஞ்சின் கதவை அடைத்துக்கொண்டு நான் குப்புறக் கிடந்தேன்.

“விலகு” என்றார்.

நான் விலகவில்லை. நடுவிரல் நுனியில் கார்க் பட்டுவிட்டது. இன்னும் ஒரு விரற்கடைதான். கையில் எடுத்துக் கொடுத்துவிட்டால் பிறகு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம். சாவி என்னிடம் இருந்தது, தவறவிட்டுவிட்டேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தொடத் தொட அது உள்ளே போயிற்று. அவர் “விலகு, விலகு” என்று கத்தி என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டேன். நாலு நிமிடம். கடைசியில் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனார். எஞ்சின் கிளம்பியபோது வெளியே மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடினோம். பெரிய கப்பல்களும் வந்து தேடின.

கரையில் அதிகாரிகள் கேட்டபோது அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். சாவி இறங்கியவன் கழுத்தில் இருந்தது, அது நான் வைத்த விதி, தாமதம் அதனால்தான். என்னைக் காட்டி, “பயத்துல உறைஞ்சுபோயிட்டா, பாவம். அவமேல தப்பில்ல” என்றார். அந்தப் ‘பாவம்’ என்கிற சொல்தான் எட்டு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளுக்கும் ஒரு மறுநாள் இருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த சட்டங்களை எல்லாம் அவர் கிழித்துப் போட்டார். எஞ்சினின் சாவித்துளையைக் கழற்றிவிட்டு, யார் வேண்டுமானாலும் அழுத்துகிற மாதிரி ஒரு பொத்தான் வைத்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, “நான் எழுதின ஒத்தை வரி அவனைக் கொன்னுடுச்சு” என்றார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைக்கவில்லை, ஊற்றி முடித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஊருக்குத் திரும்பலாம் என்றால் நங்கூரத்தைத் தூக்குவார். துறைமுகம் மாறுவோம், எதையாவது கழற்றி எதையாவது பூட்டிக்கொண்டிருப்பார். படகு ஆடும், டொக் என்று கேட்கும்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். எஞ்சினுக்கு அடியில், கை போகாத பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்த் தண்ணீர் கிடக்கும். அதில் கார்க் மிதக்கிறது, படகு அசையும்போது பக்கத்தில் முட்டுகிறது. தெரிந்தும் ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். சில நாள் அவனைத் திட்டியும் இருக்கிறேன். “போதும் தம்பி, விட்டுடு” என்று பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து மெதுவாகச் சொல்வேன். அதற்கும் ஒரு டொக் வரும்.

எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கால்கள் நான்கும் நைந்துபோய், எஞ்சினைப் போட்டாலே குளிர்ஜுரம் வந்தவன்போலப் படகு நடுங்க ஆரம்பித்தது. அதனால்தான் இந்தப் பட்டறைக்கு வந்தோம். எஞ்சினைத் தூக்காமல் அந்தக் கால்களை மாற்ற முடியாது. “இப்ப எதுக்கு, இன்னும் ஆறு மாசம் ஓட்டலாமே” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். படகில் எதையும் தள்ளிப்போடக் கூடாது என்பது, சுவரில் ஒட்டாததால் அவர் கிழிக்காமலேயே விட்ட ஒரே சட்டம்.

பட்டறை மெக்கானிக்குக்கு எங்கள் பேச்சு தெரியாது, எங்களுக்கு அவர் பேச்சு தெரியாது. பொதுவாக நாலைந்து சொல், மிச்சத்துக்குக் கையும் முகமும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் அது போதும். அவர் சொன்னதை நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். காதில் பென்சில் செருகிய குண்டு மனிதர். இறுகிப்போன போல்ட்டை மாமியார் மருமகளைத் திட்டுவதுபோல் திட்டிக்கொண்டே கழற்றுவார்.

நாலாவது நாள் காலையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் முன்பக்கம் படுக்கைக்கு அடியில் ஏதோ குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். படகு தரையில், எட்டுத் தூண்களுக்கு நடுவில், அசையாமல் நிற்கிறது. அப்போது கேட்டது.

டொக்.

கீழேயிருந்து. வெளிப்பக்கத்திலிருந்து. அவன் தட்டுகிற அதே இடம்.

நான் யோசிக்கவில்லை. கையில் இருந்த கரண்டி தானாகப் போய்ப் பக்கச் சுவரில் ஒரு தட்டு தட்டியது. அதே நொடியில் படகின் முன்பக்கத்திலிருந்து ஸ்பானரால் ஒரு தட்டு கேட்டது.

அவர் எழுந்து வந்து நின்றார். நான் கரண்டியோடு நின்றேன். வெளியே தட்டு நின்றுவிட்டது. பிறகு ஏணியில் யாரோ ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். கையில் பிளாஸ்டிக் சுத்தியலோடு ஒரு ஒல்லியான மனிதர்.

“உள்ள யாராவது மாட்டிக்கிட்டீங்களா?”

படகின் அடியை முழுக்கத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. நல்ல இடம் கணீர் என்று கேட்கும், உள்ளே ஈரம் இறங்கிய இடம் மொத்தென்று கேட்கும். இன்று வருவார் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. “ஒண்ணுமில்லை, தட்டுங்க” என்று கை காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். காலை முழுக்க எங்கள் காலுக்குக் கீழே டொக், டொக் என்று நகர்ந்துகொண்டே இருந்தது.

“உனக்கும் கேக்குமா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“எது?”

“மறைக்காத. கரண்டியால தட்டின. எட்டு மாசமா நான் மட்டும்தான் கேக்கறேன்னு நினைச்சேன். பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு உன்கிட்ட சொல்லல.” படிக்கட்டில் உட்கார்ந்தார். “நீ மேல துணி காயப்போடப் போவ இல்ல, அப்பல்லாம் நான் பதில் தட்டுவேன்.”

கப்பலில் முப்பது வருடம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கெட்டது என்று சொன்ன மனிதர். இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் காரணம் தேடவில்லை. தேடப் பிடிக்கவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. மறுநாள் எஞ்சினைத் தூக்கப் போகிறார்கள். அதற்குள் சாவியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் மனதில் ஓடியது.

விடிந்ததும் அவர் பட்டறைக் குளியலறைக்குப் போன நேரத்தில் கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டி விட்டேன். பித்தளைச் சாவி காந்தத்தில் ஒட்டாது என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த அவசரத்திலும் என்மேல் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு முறை கார்க் கம்பியில் உரசியது. அதே இடம், அதே ஒரு விரற்கடை. கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மெக்கானிக் மேலே சங்கிலி மாட்டி எஞ்சினைத் தூக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் மேல்தளத்தில் நின்று சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நானும் மெக்கானிக்கும். எஞ்சின் ஒரு முழம் எழுந்தது, அடியில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. சிவப்பு முக்கால்வாசி போய்விட்ட கார்க் அதில் மிதந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் குனிந்து எடுத்தார். துணியில் துடைத்தார். என் கையில் கொடுத்தார்.

“உங்க சாவி. மிதக்கறதுக்கு எல்லா ஏற்பாடும் பண்ணிருக்கீங்க, வெளிய வர வழிதான் இல்ல.”

“அவர்கிட்ட சொல்லாதீங்க” என்று சைகை காட்டினேன். சின்னவன் என்னிடம் சொன்ன அதே வார்த்தை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டுச் சங்கிலிப் பக்கம் திரும்பினார். சாவியைச் சர்க்கரை டப்பாவில் அமுக்கி மூடினேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு வந்தது நிம்மதிதான். இனி தட்டும் கேட்காது, சாட்சியும் இல்லை.

அன்று மாலை அவர் முகம் மழித்துக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை. டீ போடச் சொன்னார்.

“புதன்கிழமை எறக்கிடலாம்னு மெக்கானிக் சொல்றாரு. தண்ணில எறங்கினதும் வந்துடுவான்.”

“யாரு?”

“யாருன்னு தெரியாத மாதிரி கேக்கற.” சிரித்தார். “இத்தனை நாள் ஒத்தைத் தட்டு. நான் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு. ஒரு நாள் மூணு தட்டுவான்னு காத்துட்டிருக்கேன். மூணு தட்டினா என்ன செய்யணும்னு நான்தானே எழுதி ஒட்டினேன்.”

“என்ன செய்வீங்க?”

“போவேன். அன்னிக்கு வெறும் கயித்தை இழுத்தேன் இல்ல, இந்த வாட்டி நானே போய்க் கூட்டிட்டு வருவேன்.”

அடுப்பில் பால் பொங்கியது. அணைத்தேன்.

“தட்டவே இல்லைன்னா?” என்று கேட்டேன்.

“அப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துட்டான்னு அர்த்தம். அப்பவும் போகத்தான் வேணும்.” எங்கோ கடைக்குப் போகிறேன் என்பதுபோல அமைதியாகச் சொன்னார். “உன்னை ஊருக்கு அனுப்பிட்டுத்தான். பயப்படாத.”

சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். கையை உள்ளே விட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல், அவர் டம்ளர் பக்கத்தில் வைத்தேன். கார்க் முழுக்கச் சர்க்கரை ஒட்டியிருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அவன் கழுத்துல இருந்தது” என்றார் கடைசியில்.

“இல்லீங்க. என்கிட்ட இருந்தது. எஞ்சினுக்கு அடியில விழுந்துடுச்சு. இத்தனை நாள் தட்டினது இதுதான், அவன் இல்ல. அன்னிக்கு நான் பயந்து உறையல. இதை எடுக்கத்தான் குப்புறக் கிடந்தேன். விழுந்துடுச்சுன்னு சொல்ல வாய் வரல.”

“விலகுன்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“எத்தனை நிமிஷம்?”

“நாலு.”

“எப்படித் தெரியும்?”

“தினமும் அப்படியே படுத்து, எண்ணிப் பாத்திருக்கேன்.”

அவர் கை மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தது. “பயந்துட்டா பாவம்னு ஊரெல்லாம் சொன்னேனே” என்றார். பிறகு, “அவன் ஏன் உன்கிட்ட குடுத்தான்? சட்டம் அவனுக்குத் தெரியும்.”

இதை மட்டுமாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். கார்க் முகத்தில் முட்டியது என்றதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டு மாதம் பாதி உண்மையோடு குடும்பம் நடத்தியது போதும் என்று இருந்தது.

“உங்களுக்குப் பயந்து. இதையும் தொலைச்சா நீங்க திட்டுவீங்கன்னு.”

அவர் எழுந்தார். குழாயைத் திறந்து சாவியில் ஒட்டிய சர்க்கரையைக் கழுவினார், நன்றாக, மூலை முடுக்கெல்லாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனார். எட்டிப் பார்த்தேன். ப்ரொப்பெல்லர் பக்கத்தில், சின்னவன் அன்று வேலை செய்த இடத்துக்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. நான் கொட்டவில்லை.

அடுத்த நாலு நாளும் அவர் பட்டறைக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார். பகலில் வருவார், வேலை செய்வார். “பதிமூணு ஸ்பானர்.” “பிடி.” “விடு.” இவ்வளவுதான் பேச்சு. ‘விலகு’ என்கிற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. நான் வழியில் நின்றால் நான் நகரும்வரை காத்திருந்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கீழே அந்தப் பள்ளத்தை மெக்கானிக் சுத்தமாகத் துடைத்துப் பெயின்ட் அடித்தார். புது ரப்பர் கால்களின்மேல் எஞ்சின் உட்கார்ந்தது. நாலாவது நாள் என் வீட்டுக்காரர் அந்தப் பொத்தானைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய சாவித்துளையை அதன் இடத்தில் பொருத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. இறக்குவதற்கு முன் சாவியைப் புதுக் கயிற்றில் கட்டி என்னிடம் நீட்டினார்.

“கழுத்துல போட்டுக்க.”

போட்டுக்கொண்டேன். கார்க் நெஞ்சில் இடித்தது. கிளப்பும் நேரத்தில் அவர் கையை நீட்டினார், கழற்றிக் கொடுத்தேன். எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது, நடுக்கம் துளியும் இல்லை. மெக்கானிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கரையில் குதித்தார். துறைமுகத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் போய் நங்கூரம் போட்டோம். எஞ்சினை அணைத்து, சாவியைத் திரும்ப என்னிடம் கொடுத்தார்.

மன்னித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. நாளைக்கு என்னை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கிளம்புவாரோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

பிற்பகல். படகு அலையில் மெல்ல ஆடியது. நான் பாத்திரம் துலக்குகிற இடத்தில் நின்றேன். அவர் எஞ்சின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அன்று நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். படகு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அடியில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் நான் வெறுத்த சத்தம் இல்லாமல் போனதும் படகே காலியாகிவிட்டது. காது வலிக்கிற அமைதி. அவனை இரண்டாம் தடவையும் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் ஸ்பானரை எடுத்துச் சுவரில் ஒரு தட்டு தட்டினார். காத்திருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. காதைச் சுவரோடு வைத்தார். மறுபடி ஒரு தட்டு.

யாரும் பதில் தட்டவில்லை. அலை வந்து அடியில் தேய்ந்துவிட்டுப் போனது.

என் கையில் கரண்டி இருந்தது. இப்போது தட்டினால் அது இன்னொரு பொய்யாகிவிடுமோ என்று தயங்கினேன். நான் இங்கே நிற்பது அவருக்குத் தெரியும். தட்டினால் நான்தான் என்றும் தெரியும். ஒரு தட்டு தட்டினேன்.

அவர் தோள் அசையவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அலைகள் இரண்டு மூன்று போயின. பிறகு ஸ்பானரைத் தூக்கினார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.